எம்மேப் மேல் கட்டும் ஹீப்: தொடக்கச் செயற்கூறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஞாயிறு மாலைகளில் சி மொழி படிக்க வருகிறவர்களுக்கு, மூன்றாவது மாதத்தில் ஒரே ஒரு வேலைதான் தருகிறேன். இயங்குதளத்தின் மையமான கெர்னலிடமிருந்து எம்மேப் என்ற அழைப்பு வழியாக நினைவகம் வாங்கி, அதன் மேல் சொந்தமாக ஒரு ஹீப், அதாவது கேட்பவருக்குத் துண்டு துண்டாகப் பிரித்துத் தரும் நினைவகக் கிடங்கு, கட்ட வேண்டும். காசிமேட்டிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வருகிறார்கள். சிலர் பாலிடெக்னிக் மாணவர்கள், சிலர் பகலில் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள். ஆண்டுதோறும் ஆட்கள் மாறினாலும் அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மாறவில்லை. அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹீப்பைத் தயார்படுத்தும் தொடக்கச் செயற்கூறு முப்பது வரிக்கு மேல் போகாது. அதனாலேயே எல்லோரும் அதை அவசரமாக எழுதி முடித்துவிட்டு, பிளாக்கை (ஹீப்பிலிருந்து தரும் ஒரு துண்டு) பிரிப்பது, பக்கத்து பிளாக்குகளைச் சேர்ப்பது என்ற பெரிய வேலைகளுக்கு ஓடுகிறார்கள். பிறகு, வாங்கிய இடத்தை விடுவிக்கும் ஃப்ரீ செயற்கூற்றில் நிரல் விழுகிறது. ஃப்ரீயையே மூன்று நாள் உற்றுப் பார்க்கிறார்கள். தவறோ ஹீப்பின் முதல் 32 பைட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது.

கீழே சொல்வதெல்லாம் 64 பிட் லினக்ஸ், இன்டெல் வகைச் செயலி, 4096 பைட் பக்கம் (கெர்னல் நினைவகத்தைப் பிரிக்கும் அலகு) என்று வைத்துக்கொண்டு சொல்வது. நிரலை வரிக்கு வரி தரவில்லை. படித்துவிட்டு உங்கள் கையால் எழுதுங்கள்.

மல்லாக் ஏற்கெனவே இருக்கிறதே அக்கா, நாம் ஏன் இன்னொன்று எழுத வேண்டும்?

மல்லாக் என்பது கேட்ட அளவு நினைவகம் தரும் செயற்கூறு. வேலை செய்யும் இடத்தில், லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்ஸி தரும் மல்லாக்கையே பயன்படுத்துங்கள். அதன் வேர் டக் லீ 1987-இல் எழுதத் தொடங்கிய ஒதுக்கீட்டு நிரல். இத்தனை ஆண்டுகள் அடிபட்டுத் தேறிய ஒன்றுக்கு நாம் மாடியில் எழுதியது ஈடாகாது.

ஆனால் முகவரியைச் சுமக்கும் பாயின்டர் என்றால் பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. முகவரி என்பது ஓர் எண். அந்த எண்ணுக்குப் பின்னால் நிலம் இருக்கிறதா, அதில் கால் வைக்க உரிமை இருக்கிறதா, அது யாருடையது என்ற கணக்கை யாரோ ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த யாரோ நீங்களாக இருந்து பார்த்தால், மறுபடி பாயின்டர் உங்களை மிரட்டாது.

எம்மேப் எதற்கு? பழைய பிரேக் அழைப்பு போதாதா?

பிரேக் அழைப்பு நிரலின் தரவுப் பகுதியின் முடிவை மேலே தள்ளும் அல்லது கீழே இறக்கும். ஒரே துண்டு, ஒரே திசை. நடுவில் ஒரு பகுதி காலியானாலும் அதை மட்டும் கெர்னலிடம் திருப்பித் தர முடியாது. அதோடு ஜிலிப்ஸியின் மல்லாக்கும் அதே எல்லையைத்தான் நகர்த்திக்கொண்டிருக்கும். ஒரே வேலியை இரண்டு பேர் நகர்த்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எம்மேப்பில் நமக்கென்று தனித் துண்டு கிடைக்கிறது. வேண்டாதபோது அதை மட்டும் மன்மேப் செய்து திருப்பிக் கொடுக்கலாம். ஜிலிப்ஸியே பெரிய கோரிக்கைகளுக்கு எம்மேப்பைத்தான் பயன்படுத்துகிறது; 128 கேபி என்பது அதன் தொடக்க வரம்பு, நிரல் ஓடும்போது அது உயரவும் செய்யும். இந்த அழைப்பின் வடிவம் 1983-இல் பெர்க்லி யூனிக்ஸ் 4.2 வந்தபோதே வரையப்பட்டது. 1988-இல் வந்த சன்ஓஎஸ் 4.0-இல்தான் அது முழுமையாகக் கைக்கு வந்தது.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எம்மேப் செய்துவிட்டால் ஹீப்பே வேண்டாமே?

புழல் ஏரிக்குச் சொம்பை எடுத்துக்கொண்டு யாரும் போவதில்லை. லாரி வருகிறது, தெருமுனைத் தொட்டியை நிரப்புகிறது, நாம் குடம் வைத்துப் பிடிக்கிறோம். தொட்டிதான் ஹீப்.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். 24 பைட் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். எம்மேப் தருவது குறைந்தது ஒரு பக்கம், 4096 பைட். 4072 பைட் வீண். அதற்குமேல் ஒவ்வொரு முறையும் கெர்னலுக்குள் போய்வரும் செலவு, முதல் தொடுதலில் பக்கப் பிழை வந்து பக்கத்தை இணைக்கும் செலவு. போதாதற்கு, ஒரு நிரல் வைத்திருக்கக்கூடிய மேப்புகளின் எண்ணிக்கைக்கு லினக்ஸில் வரம்பு உண்டு, இயல்பாக 65,530.

எம்மேப்புக்குத் தரும் ஆறு மதிப்புகள் என்னென்ன?

முதலாவது, முகவரி. நல் (எதையும் காட்டாத வெற்று முகவரி) கொடுங்கள், இடத்தைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும். நீங்களாக ஓர் எண்ணைக் கொடுத்தால் அது வெறும் விருப்பமாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். மேப்_ஃபிக்ஸ்ட் என்ற கொடியைச் சேர்த்தால் அங்கேயேதான் தரும், ஆனால் அந்த இடத்தில் முன்பு இருந்ததை ஒரு வார்த்தை சொல்லாமல் அழித்துவிட்டுத் தரும். இந்தப் பயிற்சியில் அந்தக் கொடியைத் தொடாதீர்கள்.

இரண்டாவது நீளம், இதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். மூன்றாவது உரிமை: படிக்க, எழுத, இரண்டும். இயக்கும் உரிமையைக் கேட்காதீர்கள். தரவு இருக்கும் இடத்தில் கட்டளைகளை ஓடவிடுவது திருடனுக்குத் திறவுகோல் தருவது போன்றது.

நான்காவது கொடிகள்: மேப்_பிரைவேட், மேப்_அனானிமஸ். முன்னது, நாம் எழுதுவது நமக்கு மட்டும் என்கிறது. பின்னது, பின்னால் எந்தக் கோப்பும் இல்லை என்கிறது. ஐந்தாவது கோப்பு எண். கோப்பு இல்லாததால் -1. லினக்ஸ் இந்த இடத்தில் எதைக் கொடுத்தாலும் கண்டுகொள்ளாது, ஆனால் சில முறைமைகள் -1 இல்லாவிட்டால் மறுத்துவிடும். ஆறாவது கோப்பின் தொடக்க இடம், 0.

மேப்_அனானிமஸ் என்று எதுவும் இல்லை என்று கம்பைலர் சொல்கிறது. தலைப்புக் கோப்பைச் சேர்த்துத்தான் இருக்கிறேன்.

சி11 தரத்தைக் கறாராகப் பின்பற்றும்படி கம்பைலரிடம் சொல்லியிருப்பீர்கள். அப்போது தரத்துக்கு வெளியே உள்ள பெயர்களைத் தலைப்புக் கோப்பு மறைத்துவிடும். க்னூ11 என்று மாற்றுங்கள். அல்லது எல்லாத் தலைப்புக் கோப்புகளுக்கும் மேலே, முதல் வரியில், _டிஃபால்ட்_சோர்ஸ் என்பதை வரையறுங்கள். தலைப்புக் கோப்புக்குக் கீழே எழுதினால் பலன் இல்லை.

எம்மேப் தோற்றால் எப்படித் தெரிந்துகொள்வது?

மேப்_ஃபெயில்ட் என்ற மதிப்போடு ஒப்பிடுங்கள். நல் என்பதோடு ஒப்பிடாதீர்கள். மல்லாக் தோற்றால் நல் தரும் என்று பழகிய கை, இங்கேயும் நல்லையே எழுதிவிடுகிறது. எம்மேப் தோற்றால் தருவது -1 ஐப் பாயின்டராக மாற்றிய மதிப்பு. அது நல் இல்லை. உங்கள் சோதனை அதைத் தாராளமாக உள்ளே விட்டுவிடும்.

போன ஆண்டு ஒரு மாணவியின் நிரல் தொடங்கிய உடனேயே விழுந்துகொண்டிருந்தது. பிழை தேடும் கருவியான ஜிடிபியில் பார்த்தால், எழுத முயன்ற முகவரி 7. வேறு எந்த எண்ணாக இருந்தாலும் நாங்கள் குழம்பியிருப்போம். 7 என்பது வாக்குமூலம் போல இருந்தது. -1 உடன் 8 ஐக் கூட்டினால் 7. அதாவது தோற்றுப்போன எம்மேப்பின் விடையைத் தொடக்க முகவரி என்று நம்பி, அங்கிருந்து 8 பைட் தள்ளி முதல் ஹெட்டரை (பிளாக்கின் அளவைச் சொல்லும் தலைப்பு எண்) எழுதியிருக்கிறாள்.

எம்மேப் ஏன் தோற்றது என்பது இன்னும் ஒரு படி பின்னால் இருந்தது. ஹீப்பின் அளவை ஓர் அமைப்புக் கோப்பிலிருந்து படித்திருந்தாள். அந்தக் கோப்பு இல்லாததால், படிக்கும் செயற்கூறு -1 ஐத் திருப்பியது. எதிர்ம எண் வைக்க முடியாத குறியற்ற மாறியில் விழுந்ததும் அது 64 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணாகிவிட்டது. அதைப் பக்க அளவுக்கு மேல்நோக்கி முழுமையாக்க 4095 ஐக் கூட்டினாள். எண் சுற்றிக்கொண்டு வந்து 4094 ஆனது. கீழ் 12 பிட்டுகளை நீக்கியதும் 0. நீளம் 0 என்று கேட்டால் எம்மேப் செல்லாத மதிப்பு என்று மறுக்கும். மறுத்தது.

இந்தச் சங்கிலியை அவளே கரும்பலகையில் பின்னோக்கி எழுதியபோது அறையில் ஒருவரும் பேசவில்லை. அன்று முழுவதும் அந்த ஒரு பிழையோடுதான் கழிந்தது. அதைவிடப் பயனுள்ள வகுப்பு எனக்கு நினைவில்லை. தோற்றால், பிழையின் காரணத்தைக் குறிக்கும் எர்நோவைப் பாருங்கள். நினைவகம் போதாமையா, செல்லாத மதிப்பா என்று அதுதான் சொல்லும்.

ஹீப்புக்கு எவ்வளவு கேட்க வேண்டும்?

பயிற்சிக்கு 65,536 பைட், அதாவது 16 பக்கங்கள். இந்த எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. கையால் கணக்குப் போட்டுச் சரிபார்க்கும் அளவுக்குச் சிறியது, பத்து இருபது பிளாக்குகள் வைத்து விளையாடும் அளவுக்குப் பெரியது.

பக்க அளவு 4096 என்று நிரலில் எழுதி வைக்காதீர்கள். சிஸ்கான்ஃப் செயற்கூற்றிடம் கேளுங்கள். ஆப்பிளின் புதிய செயலிகளில் அது 16,384. ஏஆர்எம் வகைச் சில சேவையகங்களில் 65,536. நீளத்தைக் கெர்னலே பக்கக் கணக்குக்கு உயர்த்திக்கொள்ளும் என்றாலும் நீங்களும் உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் உங்கள் கணக்கில் உள்ள முடிவும் உண்மையான முடிவும் ஒன்றாக இருக்கும். உயர்த்துவதற்கு முன், கூட்டினால் எண் சுற்றிவிடுமா என்று பாருங்கள். ஏன் என்று மேலே சொன்ன 7 சொல்லும்.

முதல் 32 பைட்டுகளில் அப்படி என்ன இருக்கிறது?

இதுதான் இந்தப் பக்கத்தின் இதயம். நிதானமாகப் படியுங்கள், காகிதத்தில் வரைந்துகொண்டே.

மணலி புதுநகர்ப் பக்கம் மனை பிரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு மனைக்கும் இரு முனையிலும் எல்லைக்கல். எந்தக் கல்லருகே நின்றாலும், இந்தப் பக்கம் இருக்கும் மனை எவ்வளவு, அந்தப் பக்கம் இருப்பது எவ்வளவு என்று சொல்ல முடிய வேண்டும். ஹீப்பில் ஒவ்வொரு பிளாக்குக்கும் முன்னால் 8 பைட் ஹெட்டர், பின்னால் 8 பைட் ஃபுட்டர். இரண்டிலும் ஒரே செய்தி: பிளாக்கின் மொத்த அளவும், அது குடியிருப்பா காலியா என்பதும். அளவு எப்போதும் 16-இன் மடங்கு என்பதால் அந்த எண்ணின் கீழ் நான்கு பிட்டுகள் சும்மா இருக்கின்றன. அவற்றில் கடைசி பிட்டை குடியிருப்புக் குறியாக வைத்துக்கொள்கிறோம்: 1 என்றால் ஆள் இருக்கிறது, 0 என்றால் காலி.

ஃபுட்டர் எதற்கு என்று கேட்பார்கள். ஒரு பிளாக்கை விடுவிக்கும்போது அதற்கு முந்தைய பிளாக்கும் காலியா என்று தெரிய வேண்டும். நம் ஹெட்டருக்கு 8 பைட் முன்னால் பார்த்தால் முந்தைய பிளாக்கின் ஃபுட்டர் இருக்கும். அதன் அளவைப் படித்து அவ்வளவு தூரம் பின்னால் போகலாம். இந்த யோசனை டொனால்ட் குனூத்துடையது.

சிக்கல் ஓரங்களில்தான். முதல் மனைக்கு முன்னால் என்ன? கடைசி மனைக்குப் பின்னால் என்ன? அங்கே கல் இல்லாவிட்டால் ஃப்ரீ செயற்கூறு ஹீப்புக்கு வெளியே போய்ப் படிக்கும். அங்கே கிடைக்கும் குப்பையை அளவு என்று நம்பும். அதைத் தடுக்க, இரண்டு ஓரங்களிலும் எப்போதும் ஆள் இருப்பதாகப் பொய்யான குடியிருப்பு ஒன்றை நிறுத்துகிறோம். முன்னால் இருப்பது முகப்பு பிளாக், பின்னால் இருப்பது முடிவு ஹெட்டர்.

தொடக்க முகவரியிலிருந்து எண்ணுங்கள். 0 முதல் 7 வரை வெறும் இட்டுநிரப்பல். 8 முதல் 15 வரை முகப்பு பிளாக்கின் ஹெட்டர்: அளவு 16, குடியிருப்புக் குறி 1, ஆக எழுத வேண்டிய எண் 17. 16 முதல் 23 வரை அதன் ஃபுட்டர், அதே 17. 24 முதல் 31 வரை முதல் காலி பிளாக்கின் ஹெட்டர். 32-ஆவது பைட்டில்தான் பயனருக்குத் தரக்கூடிய முதல் இடம் தொடங்குகிறது.

காலி பிளாக்கின் அளவு எவ்வளவு? மொத்தம் 65,536. அதில் இட்டுநிரப்பல் 8, முகப்பு 16, முடிவு ஹெட்டர் 8, ஆக 32 போனால் 65,504. அது 16-ஆல் வகுபடுகிறதா? 4094 முறை, மீதியில்லை. ஹெட்டரிலும் ஃபுட்டரிலும் எழுத வேண்டியது 65,504. காலி என்பதால் கடைசி பிட் 0. ஃபுட்டர் 65,520-இல் தொடங்கி 65,527-இல் முடியும். 65,528 முதல் 65,535 வரை முடிவு ஹெட்டர்: அளவு 0, குறி 1, ஆக எழுத வேண்டிய எண் 1. அளவு 0 என்பதைப் பார்த்தால் ஹீப் முடிந்தது என்று தேடும் செயற்கூறு நின்றுவிடும்.

இவற்றை எழுதும்போது தொடக்க முகவரியைக் கேர் வகைப் பாயின்டராக வைத்துக்கொண்டு கூட்டுங்கள். 8 பைட் எண் வகைப் பாயின்டரோடு 8 ஐக் கூட்டினால் 64 பைட் தள்ளிப் போய்விடும். வாய்ட் பாயின்டரோடு கூட்டுவது க்னூ கம்பைலரின் சலுகை; தரத்தில் அதற்கு இடமில்லை.

முதல் 8 பைட்டை ஏன் வீணாக்குகிறோம்? எனக்கு மனது கேட்கவில்லை.

அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். எல்லாம் 8 பைட் முன்னால் நகர்ந்து, பயனருக்குத் தரும் முதல் முகவரி தொடக்கத்திலிருந்து 24-இல் விழும். 24 என்பது 16-ஆல் வகுபடாது. இன்டெல் வகைச் செயலியில் 64 பிட் நிரல்கள், மல்லாக் தருவது 16-இன் மடங்கு என்றே நம்பி எழுதப்படுகின்றன. 16 பைட்டை ஒரே மூச்சில் நகர்த்தும் மூவ்ஏபிஎஸ் என்ற கட்டளை, முகவரி 16-இல் வகுபடாவிட்டால் அங்கேயே நிரலை வீழ்த்திவிடும்.

கொடுமை என்னவென்றால் இது உடனே தெரியாது. எழுத்துச் சரங்களும் சிறு எண்களும் எந்த முகவரியிலும் ஓடிவிடும். கம்பைலரிடம் வேகம் கேட்டு, அது வரிசைக் கூட்டலை அந்தக் கட்டளையால் செய்யத் தொடங்கும் நாளில்தான் விழும். அப்போது குற்றம் வேகக் கொடியின் மேல் சுமத்தப்படும். 8 பைட்டுக்கு மனம் கலங்காதீர்கள். எம்மேப் தரும் முகவரி பக்க எல்லையில் இருப்பதால் அது 16-ஆலும் வகுபடும். அந்த நல்ல தொடக்கத்தைக் காப்பதற்கான விலைதான் இந்த 8.

வாங்கிய நினைவகத்தை மெம்செட் செய்து பூஜ்யமாக்க வேண்டுமா?

வேண்டாம். பெயரற்ற மேப்பில் எல்லாப் பைட்டும் பூஜ்யமாகவே வரும். இன்னொரு நிரலின் மிச்சம் உங்கள் கைக்கு வந்துவிடக் கூடாது என்பதால் கெர்னல் இதில் தவறாது.

மெம்செட் செய்தால் கெடுதலும் உண்டு. எம்மேப் தருவது நிலத்தின் பட்டா மட்டும். நிலம் வந்து சேர்வது நீங்கள் முதன்முதலில் கால் வைக்கும்போதுதான். ஒரு பக்கத்தில் முதல் முறை எழுதும் கணத்தில் பக்கப் பிழை எழுகிறது. அப்போதுதான் கெர்னல் உண்மையான நினைவகப் பக்கத்தைக் கொண்டுவந்து அங்கே பொருத்துகிறது. 1 ஜிபி கேட்டுவிட்டு, முறைமையின் காலி நினைவகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அசையாமல் இருக்கும். மெம்செட் செய்தபின் பாருங்கள்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. லினக்ஸ் இயல்பாகவே இருப்பதைவிடக் கூடுதலாகப் பட்டா கொடுக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கால் வைத்தால் இடம் போதாது. அப்போது எம்மேப் தோற்காது, நினைவகம் தீர்ந்த நேரத்தில் கெர்னல் ஏதாவது ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். ஆகவே எம்மேப் வென்றது என்பதை எல்லாம் கிடைத்துவிட்டது என்று படிக்காதீர்கள்.

பூஜ்யமாக வருவது முதல் முறை மட்டுமே. விடுவித்து மீண்டும் தரும் பிளாக்கில் பழைய குப்பை இருக்கும். பூஜ்யமாக்கிய இடம் தர வேண்டிய காலாக்கை எழுதும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

தொடக்கச் செயற்கூற்றுக்குள் பிரின்ட்எஃப் வைத்தேன். நிரல் தொங்கிவிட்டது.

உங்கள் செயற்கூற்றுக்கு மல்லாக் என்றே பெயர் வைத்திருக்கிறீர்கள். பிரின்ட்எஃப் முதல் முறை ஓடும்போது, வெளியீட்டைத் தேக்கி வைக்க மல்லாக்கை அழைக்கும். உங்கள் மல்லாக், ஹீப் இன்னும் தயாராகவில்லை என்று தொடக்கச் செயற்கூற்றை அழைக்கும். அது மறுபடி பிரின்ட்எஃப். பூட்டு போட்டிருந்தால் உறைந்து நிற்கும். போடாவிட்டால் அடுக்கு நிரம்பி விழும். ரைட் என்ற முறைமை அழைப்பால், தயாராக வைத்திருக்கும் சிறு வரிசையிலிருந்து நேரடியாக எழுதுங்கள்.

இதன் தங்கை ஒருத்தியும் உண்டு. காலாக்கை, மல்லாக் செய்து மெம்செட் செய்வதாக எழுதினால், ஜிசிசி வேகப்படுத்தும்போது அந்த இரண்டையும் சேர்த்து ஒரு காலாக் அழைப்பாக மாற்றிவிடக்கூடும். காலாக் தன்னையே அழைத்துக்கொண்டே இருக்கும். பில்ட்இன் அறிவை அணைக்கும் கொடியோடு தொகுங்கள். பயிற்சி முடியும்வரை வேறு பெயர் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

ஒரே நிரலில் இணையாக ஓடும் இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் முதல் கோரிக்கையை அனுப்பினால்?

தொடக்க முகவரி நல்லா என்று பார்த்து, ஆம் என்றால் தொடங்கு என்று எழுதியிருப்பீர்கள். இரண்டு த்ரெட்களும் நல்லைப் பார்க்கும். இரண்டும் எம்மேப் செய்யும். பின்னால் வந்தது முன்னால் வந்ததன் முகவரியை அழித்துவிடும். 64 கேபி காணாமல் போவது சின்ன நட்டம். பழைய ஹீப்பிலிருந்து ஒரு பிளாக் ஏற்கெனவே வெளியே போயிருந்தால், அது புதிய ஹீப்புக்குத் திரும்பி வரும் நாளில் எல்லாம் குலையும்.

பித்ரெட்_ஒன்ஸ் இதற்காகவே இருக்கிறது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போல, ஒருவர் தொடக்கத்தை முடிக்கும்வரை மற்றவர்களை அது நிறுத்தி வைக்கும். ஒருமுறை திறந்தபின் மூடாது. ஹீப்பின் பூட்டை, ஓடும்போது உருவாக்காமல் பித்ரெட்_மியூடெக்ஸ்_இனிஷியலைசர் கொண்டு அறிவிப்பிலேயே தயாராக்கிவிடுங்கள்.

64 கேபி தீர்ந்துவிட்டால் எப்படி வளர்ப்பது?

இன்னொரு எம்மேப் செய்யலாம். ஆனால் அது முந்தைய துண்டுக்கு ஒட்டியே வரும் என்று எந்த உறுதியும் இல்லை. சோதித்துப் பார்த்தால் பல முறை ஒட்டியே வரும். அந்த அனுபவத்தை நம்பி எழுதினால் ஒருநாள் ஏமாற்றும். தனித் துண்டு என்றே கருதுங்கள். அதற்கும் தனியாக முகப்பும் முடிவும் வையுங்கள், துண்டுகளை ஒரு பட்டியலில் கோத்து வையுங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. தொடக்கத்திலேயே 1 ஜிபி முகவரி இடத்தை எந்த உரிமையும் இல்லாமல் வளைத்துப் போடுங்கள். உரிமை இல்லாத இடம் நினைவகக் கணக்கில் ஏறாது. 64 பிட்டில் நிரலுக்கு 128 டிபி முகவரி இருப்பதால் 1 ஜிபி ஒரு பொருட்டே இல்லை. பிறகு தேவைப்படும்போது 64 கேபியாக எம்ப்ரொடெக்ட் செய்து படிக்கவும் எழுதவும் உரிமை வாங்குங்கள். புதிய பகுதி பழையதை ஒட்டியே இருக்கும். அப்போது கணக்கு அழகாக வருவதைப் பாருங்கள்: 65,528-இல் இருந்த பழைய முடிவு ஹெட்டரே புதிய காலி பிளாக்கின் ஹெட்டராகிறது. அதன் அளவு சரியாக 65,536. புதிய முடிவு ஹெட்டர் 1,31,064-இல். இந்த ஒட்டுதலுக்கு ஒரு பைட்கூட வீணாவதில்லை. உரிமை தராத மீதிப் பகுதி மதிலாகவும் நிற்கும். எல்லை தாண்டினால் நிரல் அங்கேயே விழும், அமைதியாகக் கெடாது.

அப்பாவின் படகுக்கான ஐஸ், டீசல் கணக்கை ஹீப்பிலேயே வைத்து, நிரல் நின்றாலும் அழியாமல் இருக்கச் செய்ய முடியுமா?

காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவர் கேட்டது. முடியும், மேப்_ஷேர்டு கொடியோடு ஒரு கோப்பை மேப் செய்தால். ஆனால் தொடக்கச் செயற்கூறு இப்போது இரண்டு வேலை செய்ய வேண்டும்: புதிய கோப்பு என்றால் மனை பிரிக்க வேண்டும், பழைய கோப்பு என்றால் எதையும் கலைக்காமல் திறக்க வேண்டும்.

முதல் தடை, புதிய கோப்பின் நீளம் 0. எம்மேப் அதையும் மேப் செய்துவிடும், பிழை சொல்லாது. முதல் ஹெட்டரை எழுதும்போது பஸ் எரர் என்று நிரல் விழும், ஏனென்றால் மேப்புக்குப் பின்னால் கோப்பே இல்லை. எம்மேப்புக்கு முன் எஃப்ட்ரன்கேட் செய்து கோப்பை 65,536 பைட்டாக நீட்டுங்கள். கோப்பைப் படிக்கவும் எழுதவும் திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது தடை பெரியது. கோப்புக்குள் பாயின்டரை எழுதி வைக்காதீர்கள். முகவரிகளைக் கலைத்துப் போடும் பாதுகாப்பு 2005 முதல் லினக்ஸில் இருக்கிறது; நாளைக்கு அதே கோப்பு வேறு முகவரியில் வந்து உட்காரும். நேற்றைய பாயின்டர் எங்கோ காட்டும். தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தூரம் என்பதை மட்டும் எழுதுங்கள். பயன்படுத்தும்போது தொடக்க முகவரியைக் கூட்டிக்கொள்ளுங்கள். தூரம் 0 என்பதை 'எதுவும் இல்லை' என்பதற்கு வைத்துக்கொள்ளலாம், அங்கே இட்டுநிரப்பல்தானே இருக்கிறது.

அந்த இட்டுநிரப்பல் 8 பைட்டுக்கும் இப்போது வேலை கிடைத்துவிட்டது. இது நம் ஹீப் கோப்பு என்று காட்டும் ஓர் அடையாள எண்ணை அங்கே எழுதுங்கள். ஆனால் எல்லாவற்றையும் எழுதியபின் கடைசியாக. முகப்பு, காலி பிளாக், முடிவு, பிறகு எம்சிங்க் செய்து வட்டுக்குத் தள்ளிவிட்டு, அதன்பின் அடையாள எண், மறுபடி எம்சிங்க். நடுவில் மின்சாரம் போனால் அடையாளம் இருக்காது. அடுத்த முறை, பாதியில் நின்ற கோப்பு என்று புரிந்து முதலிலிருந்து தொடங்கலாம். அடையாளத்தை முதலில் எழுதியிருந்தால் அரைகுறைக் கோப்பை முழுமை என்று நம்பிவிடுவோம், அப்பாவின் கணக்கு போய்விடும்.

நிரல் முடியும்போது மன்மேப் செய்ய வேண்டுமா?

கெர்னலே எடுத்துக்கொள்ளும். ஆனாலும் எழுதுங்கள், சோதனையில் ஹீப்பைப் பலமுறை திறந்து மூட உதவும். தொடக்க முகவரியும் நீளமும் இரண்டும் வேண்டும் என்பதால் நீளத்தையும் சேமித்து வையுங்கள்.

என் தொடக்கம் சரி என்று எப்படி உறுதி செய்வது? ஃப்ரீ எழுதுவதற்கு முன்பே தெரிய வேண்டும்.

சரியான கேள்வி. முதலில் ஹீப்பை நடந்து பார்க்கும் செயற்கூறு ஒன்று எழுதுங்கள். 8-ஆவது பைட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு ஹெட்டரையும் படித்து, அளவு 16-இன் மடங்கா, ஹெட்டரும் ஃபுட்டரும் ஒன்றா என்று பார்த்துக்கொண்டு, முடிவு ஹெட்டர் வரை போக வேண்டும். தொடங்கிய உடனே ஓடவிட்டால் 17, 65,504, 1 என்று மூன்று எண்கள் வர வேண்டும். முடிவு ஹெட்டரின் இறுதியும் மேப்பின் இறுதியும் ஒரே முகவரியாக இருக்க வேண்டும். ப்ராக் அடைவில் செல்ஃப் என்பதற்குள் உள்ள மேப்ஸ் கோப்பைத் திறந்து ஒப்பிடுங்கள்.

பிறகு மல்லாக்கின் முதல் வடிவத்தை மட்டும் எழுதி ஓரத்தைச் சோதியுங்கள். காலி பிளாக் 65,504. அதில் ஹெட்டரும் ஃபுட்டரும் 16. ஆகவே 65,488 பைட் கேட்டால் கிடைக்க வேண்டும், கிடைக்கும் முகவரி 16-ஆல் வகுபட வேண்டும். ஹீப்பை மூடி மறுபடி திறந்து 65,489 கேட்டால் நல் வர வேண்டும். அந்த ஒரு பைட்டுக்காகப் பிளாக்கின் அளவு 65,520 ஆக உயர்ந்து இடம் போதாமல் போகும். கடைசியாக, குறியற்ற எண்ணின் உச்ச மதிப்பைக் கேளுங்கள். அதற்கும் நல்தான் வர வேண்டும். ஏதாவது ஒரு முகவரி வந்தால் உங்கள் கூட்டல் சுற்றிக்கொண்டது என்று பொருள். மூன்றும் சரியாக வந்தவர்கள் அடுத்த ஞாயிறு ஃப்ரீ எழுதத் தொடங்கலாம்.